49ஆம் நம்பர் வாசல்

போன ஆடி மாசம் லண்டனில இருந்து மச்சான் குடும்பமா வந்து நாலு நாள் எங்களோட நிண்டவன். ஐபல் கோபுரம், கப்பல் சவாரி, லாச்சப்பல்ல நகைக்கடை, கொத்து ரொட்டி எண்டு எல்லாம் முடிஞ்சு கடைசி நாள் பின்னேரம் என்ன செய்யிறது எண்டு யோசிக்கேக்க, வாடா உனக்கு ஒரு சாமான் காட்டுறன், பாரிஸுக்கு வாற சனம் முக்கால்வாசி பாக்காமலே போற இடம் எண்டு சொல்லி லா கூர்நெவ்ல இருந்து 7ஆம் நம்பர் மெத்ரோவில ஏத்தி, பிளாஸ் மோன்ஜ்ல இறக்கி, நடத்திக்கொண்டு போய் அந்த ரோமன் அரங்கத்துக்குள்ள விட்டன். இஞ்ச அதை 'அரேன்' எண்டு தான் சொல்லுறது, முழுப்பேர் லுத்தேஸ் அரேன், லுத்தேஸ் எண்டது பாரிஸின்ர ரோமன் காலத்துப் பேர். காசில்லை, டிக்கெட் இல்லை, லைன் இல்லை. அவன் நடுவில நிண்டு ஒருக்காச் சுத்திப் பாத்தான். ரெண்டு நிமிசம் இருக்கும். "மச்சான், இது அரைவாசி தானே கிடக்கு. கல்லெல்லாம் வேற புதுசு மாதிரிக் கிடக்கு. ரோமில பாத்தனாங்கள், அது சாமான். இது எங்கட பள்ளிக்கூட மைதானம் மாதிரியெல்லோ" எண்டான். அவன்ர சின்னவன் பசிக்குது எண்டு அழத் தொடங்க, வெளிக்கிட்டு வந்திட்டம்.

சொன்னா சிரிப்பீங்கள், எனக்கு அண்டைக்கு இரவு நித்திரை இல்லை. அவன் சொன்னதில பொய் ஒண்டும் இல்லை, அது தான் பிரச்சினை. அரைவாசி தான் கிடக்கு, உண்மை. இருக்கிற படிக்கட்டு ரோமாக்காரன் கட்டினதில்லை, அதுவும் உண்மை. அப்ப எனக்கு என்னத்துக்குக் கோவம் வந்தது? என்ர பாட்டன் கட்டினதா? ரோம் சாம்ராச்சியத்துக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? ஆனா அவன் போய் மூண்டு கிழமையாகியும் வேலைக்குப் போகேக்க வரேக்க மனசுக்குள்ள அவனோட வாதாடிக்கொண்டே இருந்தன். ஒவ்வொரு முறையும் நானே தோத்துப் போறன்.

ரெண்டு வருசம் பேப்பர் போட்ட தெரு

இதை விளங்கப்படுத்திறதெண்டால் 2005க்குப் போகவேணும். அப்ப எனக்கு வதிவிடக் காட் கிடைச்சுக் கனகாலம் இல்லை, பாசை அரைகுறை, கிடைச்ச வேலை பேப்பர் போடுறது. பாரிஸில எங்கட ஆக்கள் கனபேர் செய்த வேலை தான். விடிய அஞ்சு மணிக்கு வான் வந்து ஏத்தும், சுப்பர்மார்க்கெட் விளம்பரம், பிட்சாக் கடை விளம்பரம், தளபாடக் கடைப் புத்தகம் எல்லாத்தையும் ஒண்டுக்குள்ள ஒண்டு செருகிக் கட்டாக்கி, தள்ளுவண்டியில அடுக்கி, உமக்கு இந்தத் தெரு உமக்கு அந்தத் தெரு எண்டு பிரிச்சு விடுவினம். எனக்கு வாய்ச்சது 5ஆம் வட்டாரம், அதில ரூ மோன்ஜ் முழுக்க என்ர பொறுப்பு. கதவுக் கோட் எல்லாம் உள்ளங்கையில பேனையால எழுதி வச்சிருப்பன், வேர்த்தா அழிஞ்சிடும் எண்டு பேந்து மணிக்கட்டுக்கு மாத்தினன். கதவைத் தள்ளினா உள்ள ஒரு குளிர், மெழுகு போட்ட மரப்படி மணம், சுவரோட வரிசையாத் தபால் பெட்டி. 'விளம்பரம் வேண்டாம்' எண்டு ஸ்டிக்கர் ஒட்டின பெட்டிக்குப் போடக்கூடாது, ஆனா கட்டு மிச்சம் வந்தா பத்ரோன், அதுதான் முதலாளி, ஏசுவார், இது ரெண்டுக்கும் நடுவில தான் எங்கட சீவியம். பித்தளை மூடியைத் தூக்கிச் செருகி விட 'டக்' எண்டு விழும், அந்தச் சத்தம் இப்பவும் காதுக்குள்ள கிடக்கு.

அந்தத் தெருவில 49ஆம் நம்பர் எண்டு ஒரு வாசல். மற்றக் கட்டிடம் மாதிரித் தான், ஆனா கதவுக்குப் பதிலா ஒரு ஓடை மாதிரி வழி நேர உள்ள போகும். ரெண்டு வருசம் கிழமைக்கு மூண்டு தரமாவது அதைக் கடந்திருப்பன். ஒரு நாளும் உள்ள போகேல்ல. ஏனெண்டால் அதுக்குள்ள தபால் பெட்டி இல்லை. பெட்டி இல்லாத வாசல் எண்டால் எனக்கு வேலை இல்லாத வாசல். பொடியள் பந்தோட உள்ள ஓடுறதைக் கண்டிருக்கிறன், ஏதோ பள்ளிக்கூடத்து மைதானம் எண்டு நினைச்சன். தள்ளுவண்டியைச் சாத்திப்போட்டு அந்த ஓடை வாயில நிண்டு பாண் திண்டிருக்கிறன், மழைக்கு ஒதுங்கியிருக்கிறன். முப்பது நாப்பது அடி நடந்திருந்தா ஆயிரத்து எண்ணூறு, ஆயிரத்துத் தொளாயிரம் வருசத்துப் பழைய மணலில கால் வச்சிருப்பன். வைக்கேல்ல. அங்க ஒரு கல்வெட்டு இருக்கு, பாரிஸின்ர இந்த முதல் நினைவுச்சின்னத்துக்கு முன்னால நிண்டு யோசி வழிப்போக்கனே எண்ட மாதிரி எழுதியிருக்கு. அதை முதல் முதலா வாசிச்ச அண்டைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் போல வழிப்போக்கன் அந்தத் தெருவுக்கு வேற ஆர்?

உள்ள போனது 2019ல தான், மகளால. அவள் அப்ப ஆறாம் வகுப்பு (இஞ்சத்த ஆறாம் வகுப்பு எண்டால் பதினொரு வயசு), ரோமைப் பற்றிப் படிக்கிறாங்கள், ரீச்சர் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிப்போட்டு ஒரு தாள் குடுத்து விட்டிருக்கிறா. "அப்பா, மோன்ஜில தானே நீங்கள் வேலை செய்தனீங்கள், அங்க அரேன் இருக்கெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல?" எண்டு கேக்கிறாள். நான் அந்தத் தெருவைப் பற்றி அவளுக்குச் சொல்லாத கதை இல்லை, எந்தக் கட்டிடத்தில நாய் கடிக்க வந்தது, எந்தக் கிழவி தேத்தண்ணி தந்தவ எண்டு எல்லாம் சொல்லியிருக்கிறன். இது மட்டும் எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைக் கையில பிடிச்சு 49க்குள்ளால கூட்டிக்கொண்டு போனாள்.

மண்ணுக்குக் கீழ போனது

உள்ள போனா ஓடை முடியிற இடத்தில சடார் எண்டு வானம் திறக்கும். நடுவில முட்டை வடிவில மணல் தரை, சுத்திவரச் சுவர், ஒரு பக்கம் படிக்கட்டு. நாங்கள் போன அண்டைக்கு ஒரு பக்கம் நாலு கிழவர்கள் பெத்தாங் விளையாடிக்கொண்டு நிண்டவை, இரும்புக் குண்டு ஒண்டோட ஒண்டு முட்டிற சத்தம், மற்றப் பக்கம் பொடியள் பை ரெண்டைக் கோல் போஸ்டா வச்சு உதைபந்து. அந்தப் பந்து போய்ப் போய் முட்டிறது ஒரு சின்னக் கம்பிக் கதவில. மகள் சொல்லுறாள், அப்பா அது மிருகம் அடைச்சு வச்ச கூடு எண்டு. கீழ்ப்படிக்கு அடியில அப்பிடி அஞ்சு அறை, கதவைத் திறந்தா நேர மணலுக்குள்ள தான் பாயும். பாக்கிற சனத்துக்கு நகம் படாமல் இருக்க இரண்டரை மீற்றர் உயரத்தில சுத்துச் சுவர். அரேனா எண்ட சொல்லுக்கே லத்தீனில மணல் எண்டு தான் அர்த்தம், ரத்தத்தை உறிஞ்சத்தான் மணல் போட்டது. ஒரு பொடியன் ஓடி வந்து அந்தக் கூட்டுக் கதவில சாஞ்சு நிண்டு தண்ணி குடிச்சான். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு, அவனுக்கு ஒண்டும் போகேல்ல.

கட்டினது கி.பி. முதலாம் நூற்றாண்டின்ர கடைசியில எண்டு சொல்லுறாங்கள். இதில ஒரு விசேசம் என்னெண்டால் இது சுத்திவர முழுக்கப் படிக்கட்டு இருக்கிற கொலோசியம் மாதிரி இல்லை. ஒரு பக்கம் 41 மீற்றர் நீளத்தில நாடக மேடை, மேடைச் சுவரில ஒன்பது மாடம், மற்றப் பக்கம் முழுக்கப் படிக்கட்டு. காலமை கூத்து பின்னேரம் குத்துவெட்டு எண்டு ஒரே இடத்தில ரெண்டையும் வச்சுக்கொள்ளலாம், சின்ன ஊருக்கு ஏத்த சிக்கனம். இருந்தாலும் சின்னதாக் கட்டேல்ல, 15,000த்துக்கு மேல இருக்கலாம், 17,000 எண்டும் கணக்குச் சொல்லுறவை இருக்கினம். அப்ப லுத்தேஸ் ஊரின்ர சனத்தொகையே அவ்வளவு இல்லை, சுத்துவட்டாரத்துச் சனமெல்லாம் திருவிழாவுக்கு வாற மாதிரி வந்திருக்குங்கள். மலைச்சரிவில சாத்திக் கட்டினதால படியில இருந்தா செயின் ஆத்துப் பக்கமும் பியேவ்ர் எண்ட சின்ன ஆத்துப் பக்கமும் தெரியுமாம். இருக்கிற ஒழுங்கும் இருந்திருக்கு. கீழ, மணலுக்குக் கிட்ட, பெரிய மனுசர். ஏறஏற மரியாதை குறையும். உச்சிப் படியில ஏழையள், அடிமையள், பொம்பிளையள். இதை ஞாபகத்தில வச்சிருங்கோ, பிறகு வேணும்.

மூண்டாம் நூற்றாண்டின்ர கடைசியில வெளியில இருந்து படையெடுப்பு வர, இடது கரையில இருந்த ஊர் அஞ்சிப் போய் ஆத்து நடுவில இருக்கிற சிற்றே தீவுக்குள்ள ஒடுங்கிச்சு. அந்தத் தீவைச் சுத்தி அவசரமா மதில் கட்டக் கல் வேணும். கல்லுக்கு எங்க போறது, இஞ்ச தான். படியைக் கழட்டிக்கொண்டு போய் மதிலில அடுக்கிப் போட்டாங்கள். பிற்காலத்தில அந்த மதிலைத் தோண்டேக்க இந்தப் படிக்கல்லுகள் வந்தது, சிலதில ஆக்களின்ர பேர் வெட்டியிருக்கு, இது இன்னாற்ற இருக்கை எண்டு. சனம் தன்ர கதிரையைப் பேரோட தூக்கிக்கொண்டு போய் மதில் கட்டியிருக்கு. இதை ஆராவது களவு, அழிப்பு எண்டு சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். உயிருக்குப் பயந்தவன் கையில கிடைச்சதால தான் மதில் கட்டுவான்.

பிறகு கொஞ்சக் காலம் சுடலையா இருந்தது. பிறகு 1200களின்ர தொடக்கத்தில பிலிப் ஒகுஸ்த் ராசா நகரத்துக்குப் புது மதில் கட்டேக்க அகழி வெட்டின மண்ணை எல்லாம் கொண்டுவந்து இந்தப் பள்ளத்தில கொட்டி மூடியாச்சு. அவ்வளவு தான், கதை முடிஞ்சுது. மேல கொடித்தோட்டம் வந்தது, பிறகு கன்னியர் மடம் வந்தது. ஆனா எனக்கு மயிர் கூச்செறிஞ்ச இடம் இது: அறுநூறு வருசத்துக்கும் மேல அங்க ஒரு கல்லும் வெளியில தெரியாமலே, அந்தக் காணிக்கு 'அரேன் தோட்டம்' எண்ட பேர் மட்டும் நிண்டிருக்கு. உறுதியில அப்பிடித் தான் எழுதினவை. ஏன் அந்தப் பேர் எண்டு காணிக்காரனுக்கே தெரியாமல் இருந்திருக்கும். எங்கட ஊரிலயும் 'கோட்டைவாசல் வளவு' எண்டு ஒரு வளவு இருக்கு, கோட்டையும் இல்லை வாசலும் இல்லை, ஒரு வேப்பமரமும் கிணறும் தான். சின்னனில கேட்டா, அது அப்பிடித்தான் எண்டுவினம். இப்ப யோசிக்கிறன், எதுக்கும் ஒருக்காத் தோண்டிப் பாத்திருக்கலாம்.

பஸ் கொம்பனியும் நாட்டை விட்டுப் போன மனுசனும்

1860களில ரூ மோன்ஜ் தெருவை வெட்டுறாங்கள். பாரிஸ் முழுக்க உடைச்சு நேர்த் தெரு போட்ட காலம். அப்ப தியோடோர் வாக்கேர் எண்டு ஒரு மனுசன், படிச்சது கட்டிடக்கலை, செய்த வேலை எங்கயெல்லாம் கிடங்கு வெட்டுறாங்களோ அங்கயெல்லாம் போய்க் குனிஞ்சு பாத்துக் குறிப்பெழுதுறது. வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறார், ஆனா ஒழுங்கா ஒரு புத்தகமாப் போடேல்ல, 1899ல செத்துப்போக அந்தக் கிறுக்கல் எழுத்துக் கட்டுகள் மாநகர நூலகத்துக்குப் போய், பின்னுக்கு வந்தவை அதை வச்சுத் தான் ரோமன் காலத்துப் பாரிஸுக்கே வரைபடம் போட்டது. எனக்கு இந்தக் கதையில எல்லாரையும் விடப் பிடிச்சது இந்த ஆள் தான். மழைக்க கிடங்கு விளிம்பில நிண்டு எழுதினவன்.

அரேன் தோட்டத்துக் காணியைக் குதிரை பஸ் கொம்பனி வாங்கினது, வண்டி நிப்பாட்ட டிப்போ கட்ட. தோண்டத் தோண்ட வளைஞ்ச சுவர் வருது. 1870 வசந்தத்தில பாதி அரங்கம் வெளிய வந்திட்டுது, பாரிஸ் சனம் அள்ளுப்பட்டு வந்து பாக்குது, படிச்ச ஆக்கள் கூடி இதைக் காப்பாத்த வேணும் எண்டு குழு அமைச்சினம், மனு எழுதினம். அப்ப பிரான்ஸை ஆண்ட மூண்டாம் நெப்போலியன்ர பேரரசு காசு இறக்கேல்ல, நகரசபையும் வாங்கேல்ல. அந்த வருசம் ஆடியில பிரஷ்யாவோட சண்டை தொடங்கிட்டுது, பிறகு ஆருக்குப் பழைய கல்லு. கொம்பனி தன்ர காணியில தன்ர பாட்டுக்கு வேலை பாத்தது, கொஞ்சத்தை உடைச்சு, மிச்சத்தை மூடி, மேல டிப்போ.

இந்தக் கதையை எங்க வாசிச்சாலும் 'விக்டர் ஹியூகோ காப்பாத்தினார்' எண்டு, அந்தப் பெரிய பிரெஞ்சு எழுத்தாளரின்ர பேரோட ஒரே வரியில முடிச்சிடுவினம். அது 1883ல. அதுக்கு முதல் 1870ல, அரேனைக் காப்பாத்த முதல் முயற்சி நடந்து தோத்த அந்த வசந்தத்தில, ஹியூகோ எங்க? நான் இந்தத் திகதியளைப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்கும் வரைக்கும் இது எனக்குத் தட்டுப்படேல்ல. அவர் நாட்டிலயே இல்லை. 1851ல மூண்டாம் நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்க எதிர்த்துப்போட்டு ஓடினவர், பெல்ஜியம், பிறகு ஜெர்சி, பிறகு கேர்ன்சி தீவு எண்டு பத்தொன்பது வருசம். நடுவில பொது மன்னிப்பு வந்தும், சுதந்திரம் திரும்பி வரேக்க தான் நானும் வருவன் எண்டு மறுத்தவர். 1870 செப்டெம்பர் 4 பேரரசு விழுகுது, 5ஆம் திகதி அவர் பாரிஸில வந்து இறங்கிறார். அரேனின்ர பாதி அதுக்குள்ள போட்டுது. இதில ஒரு பெரிய தத்துவமும் இல்லை, அவர் இருந்திருந்தாலும் ஒண்டும் நடந்திருக்காமல் விட்டிருக்கலாம். ஆனா ஊரை விட்டு வந்து இருபத்திச் சொச்சம் வருசமாகிற எனக்கு அந்த ரெண்டு திகதியும் மனசில முள்ளு மாதிரித் தைச்சது. நாங்கள் இல்லாத வருசங்களில ஊரில என்னென்ன உடைபட்டது எண்டு ஆருக்குத் தெரியும்.

ரெண்டாவது சந்தர்ப்பம் 1883ல வந்தது. கன்னியர் மடத்தை உடைக்க, அதுக்குக் கீழ கிடந்த பகுதி வெளிய வந்தது. திரும்பவும் குழு, திரும்பவும் மனு. ஹியூகோவுக்கு அப்ப 81 வயசு. அம்பது வருசம் கூட இருந்த ஜூலியத் துரூவே அந்த வைகாசியில தான் செத்தவ, அதுக்குப் பிறகு மனுசன் எழுத்தையே விட்ட மாதிரி. அப்பிடி இருந்தவர் ஆடி 27ஆம் திகதி நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார். சின்னக் கடிதம். எதிர்கால நகரமான பாரிஸ், தான் கடந்தகால நகரமா இருந்ததுக்கான உயிருள்ள சாட்சியைக் கைவிட முடியாது, இதை அழிக்கிற நகரசபை தன்னைத் தானே அழிக்கிற மாதிரி, என்ன விலை எண்டாலும் காப்பாத்துங்கோ எண்டு. நகரசபை காசு ஒதுக்கிச்சு. அடுத்த வருசம் பாதுகாக்கப்பட்ட சின்னமாப் பதிஞ்சாச்சு, 1896ல பூங்காவாத் திறந்தாச்சு.

கடிதம் நல்ல கடிதம் தான், குறை சொல்லேல்ல. ஆனா அதில ஒரு கணக்கு இல்லை. பாதி ஏற்கெனவே போட்டுது எண்ட கணக்கு. வெண்ட கட்சிக்கு அந்தக் கணக்குத் தேவைப்படாது போல. பஸ் டிப்போவுக்கு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ: பாரிஸில குதிரை பஸ் 1913ல நிண்டு போச்சு, 1916ல டிப்போவையும் கழட்டினாங்கள். நாப்பத்தாறு வருசம். அந்த நாப்பத்தாறு வருசத்துக்குத் தான் அவசரம்.

புள்ளிக் கோடு

மச்சான் போன பிறகு ஒரு சனிக்கிழமை காட் புதுப்பிக்கிற கடுதாசிப் பையுக்குள்ள ஏதோ தேடேக்க மகளின்ர அந்தப் பள்ளிக்கூடத் தாள் வந்து விழுந்தது. ஆறு வருசத்துக்கு முதல் அவள் கொண்டு வந்தது, நான் வடிவாப் பாத்ததில்லை. மேல கேள்வியள், கீழ அரேனின்ர வரைபடம். இருக்கிற சுவர் எல்லாம் தடிச்ச கோடு. இல்லாத சுவர் எல்லாம் புள்ளிக் கோடு. தடிச்ச கோடு ஒரு இடத்தில வந்து நிக்குது, அதில இருந்து புள்ளி தொடங்கி, வளைஞ்சு, கட்டிடம் எண்டு கோடு போட்டு நிரப்பின பெட்டியளுக்குள்ளால போய், மற்றப் பக்கம் வெளிய வருது. அந்தப் பெட்டியளுக்கு மேல எழுதியிருக்கிறது ரூ மோன்ஜ்.

நான் கதிரையில இருந்திட்டன். அந்தப் பெட்டி ஒவ்வொண்டும் எனக்குத் தெரியும். இது கண்ணாடிக் கதவு, இது கோட் மாத்தி மாத்தி என்னைச் சாகடிச்சது, இது தேத்தண்ணிக் கிழவி. மச்சான் 'அரைவாசி தானே கிடக்கு' எண்டவன், மிச்ச அரைவாசி எங்க போச்சு எண்டு அவனும் கேக்கேல்ல நானும் கேக்கேல்ல. அது எங்கயும் போகேல்ல, நான் ரெண்டு வருசம் விடிய விடிய ஏறி இறங்கினது அதுக்கு மேலால தான். அதுவும் எந்தப் பக்கம் எண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். மேடை எதிர்ப்பக்கம். ரூ மோன்ஜ் பக்கம் மலைச்சரிவின்ர உயரப் பக்கம், படிக்கட்டின்ர உச்சி வரவேண்டிய பக்கம். ஏழையள் இருந்த வரிசை. தள்ளுவண்டியோட நான் நிண்ட இடம் சரியான இடம் தான், என்ர டிக்கெட்டுக்கு அந்த வரிசை தான் கிடைச்சிருக்கும்.

மகளிட்டத் தாளைக் காட்டிச் சொன்னன். "ஓமப்பா, ரீச்சர் சொன்னவ தானே" எண்டிட்டு அவள் போனைப் பாக்கத் தொடங்கிட்டாள்.

மச்சான்ர ரெண்டாவது குற்றச்சாட்டு, கல் புதுசு எண்டது. அதையும் தேடி வாசிச்சன். டிப்போவைக் கழட்டின கையோட லூயி கப்பித்தான் எண்ட வைத்தியர், அகழாய்விலயும் கெட்டிக்காரர், 1917, 18ல மிச்சத்தைத் தோண்டி இருக்கிற மாதிரிக்குத் திருத்திக் கட்டினார். இப்ப நாங்கள் குந்தியிருக்கிற படி ரோமன் படி இல்லை, அந்த வேலையில போட்டது. தடவித் தடவிப் பாத்து நான் மயங்கின கல்லு என்ர அம்மம்மாவை விடக் கொஞ்சம் தான் மூத்தது. முதலில மனசு விட்டுப் போச்சு. பிறகு வருசத்தைத் திரும்பப் பாத்தன். 1917, 1918. முதலாம் உலகப்போர், ஜேர்மன்காரன் பாரிஸுக்குக் குண்டடிச்சுக்கொண்டு இருந்த காலம். அந்த நேரத்தில நகரத்துக்கு நடுவில ஆக்கள் ரோமன் படிக்கட்டுக்குக் கல் அடுக்கியிருக்கினம். அந்தக் கல்லைப் புதுசு எண்டு தள்ள எனக்கு மனம் வரேல்ல. பழசு மாதிரி நடிக்குது எண்டு கோவிக்கிற ஆக்கள் இருக்கினம், அவை சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு, ஆனா படி இல்லாட்டில் அந்தக் கிழவர்கள் பெத்தாங் முடிஞ்சு எங்க இருந்து பியர் குடிக்கிறது?

அடுத்த ஞாயிறு தனியாப் போனன். இந்த முறை 49க்குள்ள நேர போகேல்ல, முதல் தெருவில மேல கீழ நடந்து கட்டிடங்களைப் பாத்தன். ஒரு கதவால ஒரு பிள்ளை சைக்கிளோட வெளிய வர, கதவைப் பிடிச்சு விடுற சாட்டில உள்ள எட்டிப் பாத்தன். அதே மெழுகு மணம். பெட்டியள் மாறிட்டுது, பித்தளை போய் எல்லாம் ஒரே மாதிரிச் சாம்பல் நிறப் பெட்டி. தரையைக் கொஞ்ச நேரம் பாத்தன், கறுப்பு வெள்ளைத் தரைக்கல். அந்தப் பிள்ளை "ஆரையாவது தேடுறீங்களா?" எண்டு மரியாதையாக் கேக்க, இல்லை எண்டிட்டு வந்திட்டன்.

பிறகு ஓடைக்குள்ளால உள்ள போய் மணலைத் தாண்டி மேடைப் பக்கம் நிண்டு திரும்பிப் பாத்தா, படிக்கட்டுக்கு மேல அந்தக் கட்டிடங்களின்ர முதுகு தெரியும். முன்பக்கம் தான் எனக்குப் பழக்கம், முதுகை அதுவரைக்கும் உத்துப் பாத்ததில்லை. ஆறேழு மாடி, குசினி யன்னல், ஒரு யன்னலில துவாய் காயுது, ஒருத்தி சிகரெட் பத்திக்கொண்டு கீழ பொடியள் பந்தடிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. உச்சிப் படியில பொம்பிளையளுக்கு விட்ட இடத்தில தான், கிட்டத்தட்ட.

போனை எடுத்து அந்த முதுகுப் பக்கத்தை வடிவாப் படம் பிடிச்சு மச்சானுக்கு வாட்ஸப்பில போட்டன், நீ கேட்ட மிச்ச அரைவாசி எண்டு எழுதி. ரெண்டு நீலக் கோடு உடனை விழுந்தது. பத்து நிமிசத்துக்குப் பிறகு பதில் வந்தது.

"இது ஆற்ற வீடு?"